பரலை உடைத்துப் பாருங்கள்

இரண்டு மாணவிகளைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். இருவரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். காரியாபட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் படிக்க வந்த பிள்ளைகள். பெயர் சொல்லப் போவதில்லை. ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவள் குறவர் குடியிருப்பிலிருந்து வந்தவள். அவள் தம்பிக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். மதுரையில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்விட்டு, ஒரு நாள் நள்ளிரவில் பைக்கில் திரும்பியிருக்கிறான். வழியில் வாகனச் சோதனை. லைசென்ஸ் இருந்தது, ஆர்.சி. இருந்தது. "எந்த ஊரு, என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். சொன்னான். செல்போனைத் தூக்கி அவன் முகத்தைப் படம் பிடித்தார்கள். எதையோ தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஒரு பாட்டியின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் அந்தக் குடியிருப்பில் ஜீப் நின்றது. தம்பி இரண்டு இரவு உள்ளே இருந்தான். மூன்றாம் நாள் வேறு ஊர் ஆள் ஒருவன் நகையோடு பிடிபட்டான். இவனை விட்டுவிட்டார்கள். கைது என்று எங்கும் எழுதவில்லை. கன்னத்திலும் பாதத்திலும் இருந்ததைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

"மேடம், அவன் மூஞ்சி அவங்க போன்ல இருக்குல்ல, அதை அழிக்கச் சொல்லி எங்க மனு குடுக்கணும்?" என்று கேட்டாள்.

முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாமவளின் கதை வேறு. அவளுடைய அத்தை மகன் ஒரு வருடமாக அவளைப் பின்தொடர்ந்தான். பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்து இழுத்தான். வேறு யாரையாவது கட்டிக்கொண்டால் படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினான். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது வந்தான். அவள் அலறிய அலறலில் அக்கம்பக்கம் கூடியதால் தப்பினாள். அம்மாவும் மகளும் காவல் நிலையம் போனார்கள். "அத்தை மவன்தான? நாளைக்குக் கட்டிக்கப் போறவன்தான?" என்று கேட்டார்கள். அவனையும் வரச் சொல்லி, இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எஃப்ஐஆர் இல்லை. சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லை.

ஒன்றுமே செய்யாத பையனின் முகம் காவல்துறையின் கைபேசிக்குள் போயிருக்கிறது. எல்லாம் செய்தவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நாளை ஒரு கணினியிடம், இந்த வட்டாரத்தில் யாரைச் சந்தேகிக்கலாம் என்று கேட்டால் அது யாரைக் காட்டும்? இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

*

புரொஃபைலிங் என்ற சொல்லை இப்போது தொலைக்காட்சியில் அடிக்கடி கேட்கிறோம். குற்றம் நடந்த இடத்தையும் நடந்த விதத்தையும் வைத்து, செய்தவன் இன்ன வயது, இன்ன குணம், இன்ன பின்னணி உள்ளவனாக இருப்பான் என்று முன்கூட்டியே ஆளை வரைவது. ஒரு காலத்தில் உளவியலாளர்கள் செய்த வேலை. இப்போது தரவு செய்கிறது என்கிறார்கள். பழைய வழக்குகள், கைதானவர்களின் படங்கள், கைரேகைகள், முகவரிகள் எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டால் அது ஆளைக் கை காட்டுமாம். மனிதருக்குத்தான் சாதி, மதம், பாரபட்சம். எந்திரத்துக்கு ஏது என்று கேட்கிறார்கள்.

நான் தமிழ் படித்தவள். இப்படி ஆளை வரைந்த கதையை முதலில் படித்தது சிலப்பதிகாரத்தில்தான். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கிற மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. கோவலனைப் பிடிக்கப் போன காவலர்களுக்கு அவனைப் பார்த்ததும் தயக்கம் வருகிறது. இவன் கொல்லப்பட வேண்டிய ஆளாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். களவு நூல் என்ன சொல்கிறது தெரியுமா என்று ஆரம்பித்து, கள்வர்கள் கைக்கொள்ளும் எட்டு வழிகளைப் பட்டியல் போடுகிறான். மந்திரம், மருந்து, நிமித்தம் என்று அடுக்குகிறான். ஓர் இளைஞன் தான் எப்போதோ எதிர்கொண்ட கள்வனின் சாமர்த்தியத்தை எடுத்துச் சொல்கிறான். அது கோவலனைப் பற்றியதே இல்லை. ஆனாலும் கோவலனுக்கு எதிராக நிற்கிறது. கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கவனியுங்கள். அங்கே நூல் இருந்தது, நிபுணன் இருந்தான், முந்தைய அனுபவம் இருந்தது. நகையைத் திருடியவனே அந்த நிபுணன் என்பதைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. கண்ணகி அரசவைக்கு வந்து தன் கணவன் நல்லவன், நல்ல குலத்தில் பிறந்தவன் என்று மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இவள் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். ஆளை வரைவதற்கும் சான்றைச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. வகுப்பில் கண்ணகியின் கற்பைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பேசுகிறோம். அவள் செய்த புலன் விசாரணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதில்லை.

*

காவியத்தை விடுங்கள், வரலாற்றுக்கு வாருங்கள். 1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றத்துக்கான முன்னறிவிப்பு என்பதுதான் அதன் சாரம். பிரமலைக் கள்ளர்கள், குறவர்கள் என்று பல சமூகங்கள் பட்டியலில் ஏறின. விரல் ரேகை எடுப்பது அன்றைக்குப் புத்தம் புதிய அறிவியல். கல்கத்தாவில் 1897-இல்தான் ரேகைப் பிரிவு தொடங்கியிருந்தது. அந்த அறிவியல் நம் கிராமங்களுக்கு வந்தபோது மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஆண்கள் இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கும் விலக்கு இல்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆண்களை எண்ணிப் படுக்க வைத்த அந்த இரவுகளில் வீட்டில் தனியாக இருந்த பெண்களைப் பற்றி எந்தப் பதிவேடும் எழுதவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது.

அதே 1920-இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் வந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 2022-இல், அதை எடுத்துவிட்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் என்று புதிதாக ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இப்போது விரல் ரேகை மட்டுமல்ல. கருவிழி, உள்ளங்கை, உயிரியல் மாதிரிகள், கையெழுத்து என்று பட்டியல் நீள்கிறது. 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். வழக்கு இல்லாமல் விடுவிக்கப்பட்டாலோ நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலோ அழித்துவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. யார் அழிப்பது? அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? கைது என்றே காட்டாமல் இரண்டு இரவு உட்கார வைக்கப்பட்ட பையனுக்கு இந்த விதியின் நிழல்கூட எட்டாது.

தமிழ்நாடு காவல்துறை 2021-இல் முக அடையாள மென்பொருளை நிலையங்களுக்குக் கொடுத்தது. ரோந்துக் காவலர் கைபேசியிலேயே ஒருவரைப் படம் பிடித்து, பழைய படங்களோடு ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ நுழைந்து தகவல்களைத் திருடியதாகச் செய்தி வந்தது. சந்தேகப்பட்டவர்களின் முகங்களைப் பூட்டி வைத்த பெட்டியையே பூட்டத் தெரியவில்லை.

1947-இல் சென்னை மாகாணத்திலும் 1952-இல் நாடு முழுவதும் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ஆனால் 2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா என்ற பெண் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில்தான், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போலக் குறிக்கும் விதிகளும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகள் அந்த வரிகள் புத்தகத்திலேயே இருந்திருக்கின்றன. அந்தப் புத்தகத்தைக் கணினியில் ஏற்றியவர்கள் அந்த வரிகளை விட்டுவிட்டா ஏற்றியிருப்பார்கள்?

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று குறவரையும் பட்டியல் சாதியினரையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். சந்தேகம் கீழ்நோக்கியே பாய்கிறது. அது தெரியாமல் பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்கு மாலை போடுவதில் பொருளில்லை.

*

சரி, அறத்தை ஓரமாக வைப்போம். பலனையாவது பார்ப்போம். இந்த ஆள் வரைதல் வேலை செய்கிறதா?

இங்கிலாந்தில் 1995-இல் கேரி காப்சன் என்ற காவல் அதிகாரி, புரொஃபைலர்களின் உதவியைப் பெற்ற 184 வழக்குகளை எடுத்து, துப்பறிந்தவர்களிடமே கேட்டார். பத்தில் எட்டுப் பேர், பயனுள்ளதாக இருந்தது என்றார்கள். உண்மையில் குற்றவாளியை அடையாளம் காட்டியது எத்தனை வழக்குகளில்? 2.7 சதவிகிதம். கிளி ஜோசியக்காரரிடம் போய்விட்டு வருகிறவர்களும் பயனுள்ளதாக இருந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

அதே நாட்டில் 1992-இல் லண்டன் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் இளம் தாய் தன் இரண்டு வயதுக் குழந்தையின் கண் முன்னே கொல்லப்பட்டாள். பால் பிரிட்டன் என்ற உளவியலாளர் ஆளை வரைந்து கொடுத்தார். அந்தப் படத்துக்குப் பொருந்துகிறான் என்று ஒருவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவன் வாயைப் பிடுங்க ஒரு பெண் காவலரைக் காதலி போல நடிக்க வைத்தார்கள். 1994-இல் நீதிபதி அந்தச் சான்றைத் தூக்கி எறிந்தார். உண்மையான கொலைகாரன் ராபர்ட் நாப்பர் என்பது 2008-இல்தான் நீதிமன்றத்தில் முடிவானது. இடையில், 1993 நவம்பரில், அவன் இன்னொரு தாயையும் அவளுடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தான்.

இதில் என்னைத் தூங்கவிடாத தகவல் வேறொன்று. 1989-லேயே நாப்பரின் தாய் காவல்துறையைக் கூப்பிட்டு, ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகத் தன் மகன் தன்னிடம் சொன்னான் என்று தெரிவித்திருந்தாள். பொருந்துகிற வழக்கு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். பெற்ற தாய் மகனைக் காட்டிக் கொடுத்தாள். அதை விடப் பெரிய துப்பு எந்த ஊரில் கிடைக்கும்? ஒரு பெண்ணின் வார்த்தையைக் குறித்து வைத்துத் தொடர்ந்து போகத் தெரியாதவர்கள், பிறகு மனத்தின் ஆழத்தை ஆராய்வதற்கு நிபுணரைத் தேடிப் போனார்கள்.

யார்க்ஷயர் வழக்கும் இப்படித்தான். பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். இடையில் ஒன்பது முறை காவல்துறை அவனை விசாரித்து விட்டிருக்கிறது. கொலைகாரன் பாலியல் தொழிலாளிகளை மட்டுமே தாக்குபவன் என்று ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். யாரோ அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பி, அவன் இன்ன வட்டாரத்துப் பேச்சு பேசுபவன் என்றும் முடிவு செய்தார்கள். தப்பிப் பிழைத்த பெண்கள் அவன் முகத்தை ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி 14 வயதுச் சிறுமி. அவள் பாலியல் தொழிலாளி இல்லை. ஆகவே அவளைத் தாக்கியவன் இவன் இல்லை என்று ஒதுக்கினார்கள். 1981 ஜனவரியில் அவன் பிடிபட்டது காரில் போலி நம்பர் பிளேட் மாட்டியிருந்ததற்காக.

தரவு வந்தால் இதெல்லாம் மாறும் என்கிறவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுகிறேன். சிகாகோ காவல்துறை, யார் துப்பாக்கி எடுப்பார்கள் என்று கணிக்கக் கணினிப் பட்டியல் போட்டது. 2016-இல் ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு, அதனால் கொலைகள் குறையவில்லை, பட்டியலில் இருந்தவர்கள் கைதாவதற்கான வாய்ப்புதான் கூடியது என்று சொன்னது. 2019-இல் அதைக் கைவிட்டார்கள். எந்தத் தெருவில் குற்றம் நடக்கும் என்று கணிக்கும் பிரெட்பால் மென்பொருளை லாஸ் ஏஞ்சலஸ் 2020-இல் நிறுத்தியது. எங்கே அதிகம் ரோந்து போனார்களோ அங்கே அதிகம் வழக்குப் பதிந்தார்கள். எங்கே அதிகம் வழக்கோ அங்கேயே மறுபடியும் ரோந்து போகச் சொன்னது கணினி. செக்கு மாடு எவ்வளவு சுற்றினாலும் ஊர் போய்ச் சேராது.

*

இதையெல்லாம் நம் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள் என்பது பெண்களாகிய நமக்கு உறைக்க வேண்டும்.

2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு நிர்பயா நிதி உருவானது. அதிலிருந்து சென்னை உட்பட 8 பெருநகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் வந்தது. கேமராக்கள், கட்டுப்பாட்டு அறைகள், முகத்தைப் படிக்கும் மென்பொருட்கள். 2021-இல் லக்னோ காவல்துறை, துயரப்படும் பெண்ணின் முகபாவத்தைப் படித்துத் தானாகவே காவல் நிலையத்துக்குச் சொல்லும் கேமரா வைக்கப் போவதாக அறிவித்தது. என் மாணவியும் அவள் அம்மாவும் காவல் நிலையத்துக்குள்ளேயே போய், முகத்தோடு முகம் பார்த்து, வாய் திறந்து அழுதார்கள். அதைப் படிக்க ஆளில்லை. கம்பத்தில் தொங்கும் கேமரா படித்துவிடுமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. பதிவான பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவினன், பக்கத்து வீட்டுக்காரன், காதலன், முதலாளி, கணவனாக இருந்தவன். அவனைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் தேவையில்லை. பெண்ணே பெயர், முகவரியோடு சொல்கிறாள். சொல்வதை எழுதிக்கொள்ளப் பேனா போதும்.

2022 மார்ச்சில் எங்கள் விருதுநகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 22 வயதுப் பட்டியல் சாதிப் பெண். அவள் நம்பிப் பழகிய ஒருவன் எடுத்த வீடியோவை வைத்து மிரட்டியே மாதக்கணக்கில் வன்முறை. கைதானவர்கள் எட்டுப் பேர். அவர்களில் நான்கு பேர் பள்ளிச் சிறுவர்கள். அரசியல் கட்சி இளைஞரணிக்காரர்களும் இருந்தார்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவனையும் பள்ளிச் சீருடையில் போகிற பையனையும் எந்த வாகனச் சோதனையில் நிறுத்தி முகத்தைப் படம் பிடிப்பார்கள்?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்தது இன்னும் துல்லியமான பாடம். கைதானவன் மீது ஏற்கெனவே பல வழக்குகள் இருந்தன. பதிவேட்டில் இருந்த ஆள்தான். பதிவேடு அவனைத் தடுக்கவில்லை. ஆனால் அதே காவல்துறைக் கணினியிலிருந்து எஃப்ஐஆர் கசிந்து, அந்த மாணவியின் விவரங்கள் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025-இல் அவனுக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. அவள் மறுநாளே துணிந்து புகார் எழுதியதால், அந்தப் புகார் பதிவானதால் கிடைத்த தண்டனை அது.

தரவு என்று நாம் சொல்வது என்ன? எஃப்ஐஆர்களின் குவியல். எஃப்ஐஆர் எங்கே பிறக்கிறது? காவல் நிலையத்து ரைட்டரின் மேசையில். அந்த மேசையில் எது எழுதப்படும், எது எழுதப்படாது என்பதைச் சாதியும் பணமும் ஆண் என்ற பிறப்பும் தீர்மானிக்கின்றன. எழுதப்படாத குற்றம் கணினிக்கு நடக்காத குற்றம். எங்கள் பக்கத்து அத்தை மகன்கள் எல்லோரும் கணினியின் கண்ணில் உத்தமர்கள்.

*

என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "அப்படியானால் காவல்துறை கணினியே வைத்துக்கொள்ளக் கூடாதா? பழைய காலம் மாதிரி அடித்துத்தான் உண்மையை வாங்க வேண்டுமா?"

நியாயமான கேள்வி. யார்க்ஷயரில் ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படாமல் கிடந்ததால்தான் ஒன்பது முறை ஒரே பெயர் வந்தும் யாருக்கும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே வழக்கு விவரங்களைக் கோக்கும் கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். அது தேவை. ஒரு ஊரில் கிடைத்த விரல் ரேகையை இன்னொரு ஊர் ரேகையோடு ஒப்பிடுவதும், டிஎன்ஏ சோதனையும் தேவை. அவை சிலம்பை உடைத்துப் பார்ப்பது போன்றவை. குற்றம் நடந்த பிறகு, கிடைத்த சான்றிலிருந்து ஆளை நோக்கிப் போவது. நான் எதிர்ப்பது ஆளிலிருந்து குற்றத்தை நோக்கிப் போவதை.

அடிக்கு மாற்றாகத் தரவு வரும் என்பதும் நடக்கவில்லை. தெலங்கானாவின் மேடக்கில் 2023-இல், சங்கிலிப் பறிப்பு வழக்கின் சிசிடிவியில் தெரிந்தவனைப் போல இருக்கிறான் என்று ஒரு கூலித் தொழிலாளியைப் பிடித்தார்கள். ஆள் அவரில்லை. அடி அவருக்குத்தான் விழுந்தது, செத்துப்போனார். தரவு, அடியை ஒழிக்கவில்லை. யாரை அடிப்பது என்று சொல்லிக்கொடுத்தது.

தரவை வைத்துக் குற்றவாளியைக் கணிப்பது அவ்வளவு உயர்ந்த அறிவியல் என்றால், வாருங்கள், எங்கள் மாவட்டத்துக்கே வாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கு மேல். 2024 மே 1 அன்று எங்கள் காரியாபட்டிப் பக்கமே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பட்டாசு விபத்துகளில் ஒவ்வொரு முறையும் வெளியே வருவது ஒரே கதை. உரிமம் ஒருவர் பெயரில், ஆலை உள்குத்தகையில் வேறொருவர் கையில். அறைக்கு நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஆட்கள். அறைக்குள் இடமில்லாமல் மரத்தடியில் வேலை. பீஸ் ரேட்டுக்கு அவசரம். கருகியவர்களில் எத்தனையோ பெண்கள். இது நாக்பூர் லைசென்ஸ், இது சென்னை லைசென்ஸ், இது டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். அத்தனை விவரமும் அரசுக் கோப்பில் இருக்கிறது. அடுத்த விபத்து எந்த மாதிரி ஆலையில் நடக்கும் என்று கணிக்க இதைவிடத் தெளிவான தரவு வேண்டுமா? உரிமையாளர்களின் முகத்தை யாரும் மென்பொருளில் ஏற்றவில்லை. அவர்களைச் சரித்திரப் பதிவேடு குற்றவாளிகள் என்று யாரும் அழைப்பதில்லை.

*

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம்.

ஒவ்வொரு காவல் நிலையமும், அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உட்பட, பெண்கள் கொடுத்த புகார்கள் எத்தனை, அவற்றில் ரசீது கொடுத்தது எத்தனை, எஃப்ஐஆர் ஆனது எத்தனை, எத்தனை நாளில் ஆனது என்று மாதந்தோறும் வாசலில் எழுதிப் போடட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். குற்றம் என்று தெரியும் புகாருக்கு எஃப்ஐஆர் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 199-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவில் இதுவரை எத்தனை அதிகாரிகள் உள்ளே போனார்கள்? அந்தத் தரவைத் திரட்டுங்கள். பதிய மறுத்த நிலையம் எது, எழுதி வாங்கி அனுப்பியவர் யார் என்று அவர்களுக்கும் ஒரு புரொஃபைல் போடுங்கள்.

தெருவில் நிறுத்தி முகத்தைப் படம் பிடித்தால், ஏன் பிடித்தோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். எப்போது அழிப்போம் என்று தேதி போடட்டும். மென்பொருள் கை காட்டியவர்களில் எத்தனை பேர் தவறான ஆள் என்ற கணக்கை, காவல்துறைக்கு வெளியே இருப்பவர்கள் பார்க்கட்டும்.

மாணவிகளே, உங்களுக்கு ஒன்று. புகார் கொடுக்கப் போனால் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

இரண்டாமவளின் புகாரை அப்படித்தான் கொண்டுபோனோம். நானும் இரண்டு தோழிகளும் அவள் அம்மாவும் அவளும். மூன்று முறை அலைந்த பிறகு எஃப்ஐஆர் ஆனது. வழக்கு மெதுவாக நகர்கிறது. ஆனால் அவன் பெயர் இப்போது ஒரு தாளில் இருக்கிறது. முதலாமவளின் தம்பிக்காக ஒரு மனு எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. அவன் இரவு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

போன பருவத்தில் கொலைக்களக் காதை நடத்தினேன். கோவலன் வெட்டுண்ட இடத்தில் வகுப்பு வழக்கம்போல அமைதியானது. முதலாமவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், களவு போன சிலம்பு அரண்மனைச் சிலம்பு. அதைத் தொட்டு வேலை பார்த்தவன் பொற்கொல்லன். அவன் வீட்டை ஏன் யாருமே சோதனை போடலை?"

பக்கத்தில் இருந்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசச் சொன்னேன்.